பிடுங்கினால் 300, காப்பாற்றினால் 8,000: பல் டாக்டரின் நாற்காலிக் கணக்கு

"பிடுங்கிப் போட்டுடுங்க தம்பி. வேற ஒண்ணும் வேணாம்."

நாற்காலியில் சாய்ந்திருக்கும் பாட்டிக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை. மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. கிராம்பு வைத்துப் பார்த்தாயிற்று. உப்புத் தண்ணீர் கொப்பளித்தாயிற்று. மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கிய மாத்திரை இரண்டு வேளைக்கு மேல் கேட்கவில்லை.

"பல்லு நல்லா உறுதியா இருக்கு பாட்டி. வேர்லதான் சீழ் புடிச்சிருக்கு. ரூட் கேனால் பண்ணி கேப் போட்டுட்டா இன்னும் பல வருஷம் ஓடும்."

"எவ்வளவு ஆகும்?"

"ரூட் கேனால் நாலாயிரம். கேப்புக்குத் தனியா ஒரு நாலாயிரம்."

"பிடுங்கினா?"

"முந்நூறு."

பாட்டி பேரனைப் பார்க்கிறார். பேரன் செல்போனைப் பார்க்கிறான். பக்கத்துத் தெருவில் யாரோ ரூட் கேனாலுக்கு 2,500 என்று போட்டிருக்கிறார்கள். அதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று அவன் யோசிக்கிறான்.

இந்தப் பேச்சு எந்த ஊரில் நடந்தது என்று தேட வேண்டியதில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம், மாடிப்படிக்கு மேலே பல் படம் போட்ட போர்டு தொங்கும் எந்த ஊரிலும் தினமும் நடப்பதுதான். பாட்டியின் கணக்கு நமக்குத் தெரியும். எட்டாயிரம் ரூபாய் என்பது வீட்டுக்கு ஒரு மாச மளிகை. ஆனால் கையுறையோடு நிற்கிற டாக்டரின் மனசிலும் ஒரு கணக்கு ஓடுகிறது. அது வெளியே யாருக்கும் தெரிவதில்லை. ஊர் ஊராகப் பல் கிளினிக்குகளின் முகத்தை இப்போது மாற்றிக்கொண்டிருப்பது அந்தக் கணக்குதான்.

ஒரே தெருவில் ஐந்து போர்டு

ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். அப்போதெல்லாம் ஊருக்கு ஒரே ஒரு பல் டாக்டர் இருப்பார். சின்ன ஊராக இருந்தால் அவரும் இருக்க மாட்டார், பஸ் ஏறிப் போக வேண்டும். சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953-ல் தொடங்கியது. பல ஆண்டுகள் தமிழ்நாட்டில் பல் டாக்டர் என்றாலே பெரும்பாலும் அங்கே படித்து வந்தவராகத்தான் இருப்பார். ஊருக்கு ஒருவர் என்பதால் அவருக்கு விளம்பரம் தேவைப்படவில்லை. மூன்று தலைமுறைக்கு அவரே பல் பிடுங்கினார், அவரே பல்செட் கட்டினார்.

பிறகு தனியார் கல்லூரிகள் வந்தன. இன்று இந்தியாவில் 300-க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஆண்டுக்கு 25,000-க்கும் அதிகமான பி.டி.எஸ். இடங்கள். அதில் மிகப் பெரும்பகுதி தனியார் கையில். கர்நாடகம், மகாராஷ்டிரம், தமிழ்நாடு ஆகியவை முன்வரிசையில் நிற்கின்றன. 2023-ல் புதுக்கோட்டையில் ஓர் அரசுக் கல்லூரி திறந்தார்கள்.

இவ்வளவு இடங்களுக்கும் ஆள் கிடைக்கிறதா என்றால், அங்கேதான் சிக்கல். 2020-21 கல்வியாண்டில் நாடு முழுவதும் சுமார் 7,000 பி.டி.எஸ். இடங்கள் காலியாகக் கிடந்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நீட் தகுதி அளவைக் குறைக்கத் தேவையில்லை என்றது மத்திய அரசு. நாட்டில் 6,080 பேருக்கு ஒரு பல் மருத்துவர் இருக்கிறார், உலக சுகாதார நிறுவனத்தின் அளவோ 7,500 பேருக்கு ஒருவர், ஆகவே பற்றாக்குறை இல்லை என்பது அதன் வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2021 பிப்ரவரியில் தகுதி அளவைப் பத்து பெர்சன்டைல் குறைக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. தனியார் கல்லூரிகள் கட்டணத்தைக் குறைப்பது பற்றி யோசிக்க வேண்டும் என்றும் சொன்னது.

6,080 பேருக்கு ஒருவர் என்ற எண்ணைக் கேட்டால் நிம்மதியாகத்தான் இருக்கிறது. ஆனால் அது சராசரி. சராசரியை வைத்துக்கொண்டு யாரும் பல்வலிக்கு மருந்து வாங்க முடியாது. பெரிய நகரத்தில் ஒரே தெருவில் ஐந்து போர்டு தொங்கும். மலையடிவாரத்துக் கிராமத்துக்காரர் இரண்டு பஸ் மாறி வர வேண்டும். கிராமத்தில் கிளினிக் போட ஏன் டாக்டர்கள் வருவதில்லை என்று திட்டுவது சுலபம். அந்த நாற்காலியின் விலை தெரிந்தால் கோபம் கொஞ்சம் குறையும்.

முந்நூறு ரூபாயில் என்ன இருக்கிறது?

பொது மருத்துவர் ஒருவர் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஸ்டெதஸ்கோப், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி இருந்தால் நாளைக்கே கிளினிக் திறந்துவிடலாம். பல் மருத்துவருக்கு அந்த வசதி இல்லை. அவர் நடத்துவது ஒரு குட்டி ஆபரேஷன் தியேட்டர். பல் நாற்காலி ஒன்றுக்கே லட்சங்களில் விலை. அதை ஓட்ட கம்ப்ரஸர் வேண்டும். எக்ஸ்ரே வேண்டும், அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் காட்டும் சென்சார் வேண்டும். கருவிகளை நீராவி அழுத்தத்தில் சுத்தப்படுத்த ஆட்டோகிளேவ் வேண்டும். கரன்ட் போனால் பாதி துளைத்த பல்லோடு நோயாளி உட்கார்ந்திருக்க முடியாது என்பதால் இன்வெர்ட்டரும் வேண்டும்.

இதற்கு மேல் காகித வேலை. மாநிலத்தின் மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி பதிவு. எக்ஸ்ரே மெஷினுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தில் பதிவு. ரத்தம் பட்ட பஞ்சு, ஊசிகளை எடுத்துப் போகும் நிறுவனத்துக்கு மாசா மாசம் கட்டணம். எல்லாம் அவசியமானவை, குறை சொல்ல முடியாது. ஆனால் ஒற்றை டாக்டர் கிளினிக்கில் இதற்கென்று தனியாக ஆள் கிடையாது. இரவு ஒன்பது மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு டாக்டரே லேப்டாப்பைத் திறக்க வேண்டும்.

இனி பாட்டியின் முந்நூறு ரூபாயைப் பிரித்துப் பார்க்கலாம். மரத்துப்போகும் மருந்து, ஊசி, இரண்டு ஜோடி கையுறை, பஞ்சு, கருவியைச் சுத்தப்படுத்திய செலவு. பல் ஒழுங்காக வந்துவிட்டால் இருபது நிமிடத்தில் முடியும். வேர் முறிந்து உள்ளே நின்றுவிட்டால் ஒரு மணி நேரம் ஆகும், வெளியே காத்திருக்கும் மூன்று பேரில் இருவர் எழுந்து போய்விடுவார்கள். வாடகை, உதவியாளர் சம்பளம், மெஷினுக்குக் கட்டும் தவணை எல்லாம் இந்த முந்நூறில் வராது. வெறும் பல் பிடுங்கி இன்று ஒரு கிளினிக் பிழைக்கவே முடியாது.

சரி, எட்டாயிரத்தில்? ஊருக்கு ஊர் மாறும் கணக்கு இது, ஓர் உதாரணத்துக்குப் போட்டுப் பார்ப்போம். கடைவாய்ப் பல்லில் மூன்று அல்லது நான்கு வேர்க்குழாய்கள். அவற்றைச் சுத்தப்படுத்தும் மெல்லிய நிக்கல்-டைட்டானியம் ஊசிகள் பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. சில முறைக்கு மேல் பயன்படுத்தினால் உள்ளேயே முறியும். அதை வெளியில் இருந்து வரும் ஸ்பெஷலிஸ்ட் செய்தால் அவர் பங்கு ஒன்றரை ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம். கேப் செய்யும் லேபுக்கு ஆயிரத்துக்கு மேல். மருந்து, பசை, அச்சு எடுக்கும் பொருள் என்று இன்னொரு ஐந்நூறு, அறுநூறு. மீதியில் பாதியை வாடகையும் சம்பளமும் தின்றுவிடும். கையில் நிற்பது, மூன்று தடவை வரச்சொல்லி மூன்று மணி நேரம் குனிந்து வேலை பார்த்ததற்கான கூலி. குனிந்தே வேலை பார்ப்பதால் கழுத்து வலியும் முதுகு வலியும் பல் டாக்டர்களுக்குத் தொழில் சொத்து.

இன்னும் இரண்டு விஷயங்கள் வெளியே தெரியாது. மருத்துவச் சேவைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. கேட்க நல்ல செய்தி. ஆனால் கிளினிக் வாங்கும் கருவிக்கும் பொருளுக்கும் வரி உண்டு. கடைக்காரர்போல அந்த வரியை இவர் கழித்துக்கொள்ள முடியாது, செலவோடு செலவாகப் போகிறது. அடுத்தது இன்ஷூரன்ஸ். நம் ஊர் மருத்துவக் காப்பீடுகளில் பெரும்பாலானவை விபத்தில் பல் உடைந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் பணம் தரும். சொத்தைப் பல்லுக்குத் தராது. இதய ஆபரேஷனுக்கு மூன்று லட்சம் என்றாலும் கார்டைக் காட்டுகிற குடும்பம், பல்லுக்கு மூவாயிரத்தை ரொக்கமாக எடுக்க வேண்டும். அதனால் பல்வலியில் பேரம் வருகிறது. பக்கத்து போர்டு 2,500 என்று போட்டால் இவரும் இறங்க வேண்டியிருக்கிறது. சாமான் விலை ஏறியும் ரூட் கேனால் ரேட் பல ஊர்களில் அசையாமல் நிற்பதற்கு இதுதான் காரணம்.

செவ்வாய்க்கிழமை வேர் டாக்டர், வியாழக்கிழமை கம்பி டாக்டர்

ஐந்து வருடம் படித்து, அதில் ஒரு வருடம் பயிற்சியும் முடித்து வெளியே வரும் இளம் பல் டாக்டருக்கு முதல் சம்பளம் எவ்வளவு தெரியுமா? தமிழ்நாட்டின் பல ஊர்களில் மாதம் பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரத்துக்குள். தனியார் கல்லூரிக்கு லட்சக்கணக்கில் கட்டிய அப்பாவிடம் இந்தத் தொகையைச் சொல்லவே பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். 'டாக்டருக்குப் படிச்சிருக்கா' என்று சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொன்ன அம்மாவும் சம்பளத்தைச் சொல்வதில்லை.

சொந்தமாகக் கிளினிக் போடலாம் என்றால் கடன் வேண்டும். அடுத்த மூன்று வருடம் எம்.டி.எஸ். படிக்கலாம் என்றால் இன்னும் பணம் வேண்டும். அரசு வேலை என்றால் பல் மருத்துவர் பணியிடங்கள் குறைவு, காத்திருப்போர் வரிசை நீளம். ஆகவே வேறு கதவுகளைத் தட்டுகிறார்கள். சென்னையில் மெடிக்கல் கோடிங் அலுவலகங்களில் போய்ப் பார்த்தால் பி.டி.எஸ். முடித்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அமெரிக்க நோயாளியின் சிகிச்சையை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் புரியும் எண்களாக மாற்றும் வேலை. ஏ.சி. அறை, சனி ஞாயிறு லீவு, பி.எஃப். உண்டு. துளைக்கும் கருவியைப் பிடிக்கப் பழகிய விரல்கள் கீபோர்டில் ஓடுகின்றன. சிலர் வளைகுடா நாட்டு லைசென்ஸ் தேர்வு எழுதுகிறார்கள். சிலர் ஆஸ்திரேலியா, கனடா, பிரிட்டன் தேர்வுகளுக்கு வருடக்கணக்கில் தயாராகிறார்கள்.

இங்கேயே தங்குபவர்களில் ஒரு புது ரகம் உருவாகியிருக்கிறது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் ஸ்பெஷலிஸ்ட். செவ்வாய்க்கிழமை வேர் சிகிச்சை டாக்டர் வருவார், வியாழக்கிழமை கம்பி போடுகிற டாக்டர், ஞானப்பல் ஆபரேஷனுக்குப் போன் செய்தால் வருகிறவர் தனி. ஒவ்வொருவருக்கும் ஐந்தாறு கிளினிக்குகள். காலையில் ஓர் ஊர், மதியம் இன்னோர் ஊர். சொந்த ஊசிகளையும் மோட்டாரையும் துணி சுற்றிப் பைக்குள் வைத்திருப்பார்கள். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவார்கள், மேலே லக்கேஜ் பலகையில் வைக்க மனசு வராது. வாங்குவது செய்த வேலையில் ஒரு பங்கு. நோயாளி வராமல் போனால் அன்றைக்குப் பஸ் காசும் நஷ்டம்.

நோயாளிக்கு இதில் பெரிய லாபம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. முன்பு பெரிய நகரத்துக்குப் போனால்தான் கிடைத்த ஸ்பெஷலிஸ்ட் கை இன்று சின்ன ஊருக்கே வருகிறது. நஷ்டமும் உண்டு. வேலையை முடித்துவிட்டு அவர் போய்விடுவார். இரவு பத்து மணிக்குக் கன்னம் வீங்கினால் போனை எடுக்க வேண்டியவர் அந்த வேலையைச் செய்யாத உள்ளூர் டாக்டர்.

பெண்களின் கதை இன்னும் கொஞ்சம் சிக்கலானது. பி.டி.எஸ். வகுப்புகளில் இன்று பெண்களே அதிகம். கிளினிக் என்பது ஓர் ஊரில் வேர் விடுகிற தொழில், பெயர் பரவவே நான்கைந்து வருடம் ஆகும். கல்யாணம் ஆனால் ஊர் மாறுகிறது. குழந்தை பிறந்தால் மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை, அதாவது நோயாளிகள் வரும் அதே நேரத்தில், வீட்டில் இருக்கச் சொல்கிறார்கள். நன்றாகப் படித்து, நன்றாகக் கைவேலை தெரிந்த எத்தனை பெண்கள் பாதி நாள் சம்பள டாக்டராகவே நின்றுவிடுகிறார்கள்! டாக்டர்கள் மிதமிஞ்சிப் போய்விட்டார்கள் என்று பேசும்போது இந்தக் கணக்கை யாரும் எடுப்பதில்லை.

கிளினிக் அக்கா போனால்

ஒரு பல் கிளினிக்கில் டாக்டருக்கு அடுத்தபடி முக்கியமானவர் யார்? கதவைத் திறந்ததும் 'உக்காருங்க, டாக்டர் இப்ப வந்துடுவாங்க' என்று சொல்கிற அந்த அக்காதான். போனை எடுப்பவர், எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பவர், பசை கலப்பவர், கருவிகளைக் கழுவி ஆட்டோகிளேவில் வைப்பவர், அழுகிற குழந்தைக்குப் பராக்குக் காட்டுபவர் எல்லாம் அவரே.

1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டமே பல் மருத்துவர், டென்டல் ஹைஜீனிஸ்ட், டென்டல் மெக்கானிக் என்று மூன்று வகையினரைக் குறிப்பிட்டது. அமெரிக்காவில் பல் சுத்தம் செய்வது பெரும்பாலும் ஹைஜீனிஸ்ட்டின் வேலை. நம் ஊரில் அந்த வகுப்பு வளரவே இல்லை. டாக்டரே மலிவாகக் கிடைக்கும்போது ஹைஜீனிஸ்டை யார் வைப்பார்கள்? ஆகவே க்ளீனிங்கை டாக்டரே செய்கிறார். உதவிக்கு ப்ளஸ் டூ முடித்த ஒரு பெண்ணைச் சேர்த்து, ஆறு மாதம் கூடவே வைத்து எல்லாம் சொல்லித்தருகிறார். கற்றுக்கொண்டதும் இரண்டாயிரம் அதிகம் தரும் பெரிய ஆஸ்பத்திரிக்கோ ஜவுளிக்கடைக்கோ அவர் போய்விடுகிறார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. வீட்டில் அவருக்கும் மளிகைக் கணக்கு இருக்கிறது. மறுபடி புதுப் பெண், மறுபடி ஆறு மாதம்.

அந்த ஆறு மாதத்தில் கிளினிக்கில் எது தளர்ந்தாலும் தளரக் கூடாத ஒன்று சுத்தம். சில வருடங்களுக்கு முன் திருப்பத்தூர் மாவட்டத்தில் நடந்ததை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. 2023-ல் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்றவர்களுக்கு மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியா மூளைவரை பரவியது. எட்டுப் பேர் இறந்தார்கள். சலைன் பாட்டிலைத் திறக்க, சுத்தப்படுத்தாத ஒரு கருவியைப் பயன்படுத்தி, அதே பாட்டிலைத் திரும்பத் திரும்ப எடுத்ததுதான் வழி என்று பின்னர் ஆராய்ந்த மருத்துவர்கள் எழுதினார்கள். ஒரு பாட்டில் சலைன் என்ன விலை? ஒரு காபி, டிபன் காசுதான். அந்தக் கிளினிக்கில் ஏன் அப்படி நடந்தது என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் புது பாட்டில், தனித்தனியாக உறையிட்ட கருவி, நாற்காலியைத் துடைக்கப் பத்து நிமிடம் என்று ஒழுங்காகச் செய்யும் டாக்டருக்கு அது செலவு. செய்யாதவருக்கு அது மிச்சம். செய்கிறவரும் செய்யாதவரும் ஒரே 2,500 ரூபாய் ரேட்டில் போட்டி போடும் தெருவில் நோயாளிக்கு வித்தியாசம் தெரியாது என்பதுதான் பயம்.

லேப் பக்கமும் ஆட்கள் மாறுகிறார்கள். மெழுகில் பல்லைச் செதுக்கி, உலோகம் வார்த்து, மேலே பீங்கான் பூசும் கைக்காரர்கள் குறைந்து வருகிறார்கள். இன்று ஸ்கேனரில் எடுத்த படம் கம்ப்யூட்டருக்குப் போகிறது, ஜிர்கோனியா கட்டியை மெஷின் குடைந்து பல்லாக்குகிறது, கூரியரில் கேப் வருகிறது. வாய்க்குள் விட்டுப் படம் எடுக்கும் ஸ்கேனர் லட்சங்களில் விலை. ஐந்து நாற்காலி இருக்கும் இடத்தில் அது ஓயாமல் ஓடும். ஒரு நாற்காலி கிளினிக்கில் துணி போர்த்திக் கிடக்கும்.

மினுமினுக்கும் கண்ணாடிக் கதவு

அப்படி நாற்காலிகளை வரிசையாகப் போட்டு நடத்தும் சங்கிலி கிளினிக்குகள் நகரங்களில் பெருகிவிட்டன. வடக்கே 2011-ல் தொடங்கிய ஒரு நிறுவனத்துக்கு இன்று நாடு முழுவதும் பல நூறு கிளினிக்குகள். முதலீட்டாளர் பணம், மொத்தக் கொள்முதல், ஒரே மாதிரி போர்டு, தவணையில் கட்டும் வசதி. கொரோனா காலத்தில் அவசர சிகிச்சை தவிர மற்ற பல் வேலைகளை நிறுத்தச் சொன்னபோது, வாடகை கொடுக்கச் சிரமப்பட்ட ஒற்றை டாக்டர்கள் பலர் அதன் பிறகு சம்பளத்துக்குப் போவதே மேல் என்று முடிவெடுத்தார்கள்.

இவற்றைத் திட்டி எழுதுவது ஒரு வழக்கமாகிவிட்டது. நியாயமாகப் பார்த்தால், ரேட்டை அச்சிட்டுக் கையில் தருவதும், சுத்தம் செய்வதற்கென்றே ஆள் வைப்பதும், இளம் டாக்டருக்கு நிலையான சம்பளம் தருவதும் நல்ல சங்கிலி கிளினிக்குகளில் உண்டு. மறுபக்கம், முதலீட்டாளருக்கு மாதக் கணக்குக் காட்ட வேண்டும். சம்பள டாக்டருக்கு இத்தனை ரூபாய் வேலை என்று இலக்கு வைக்கும் இடங்களில், இலவச செக்-அப்புக்குப் போனவர் நாற்பதாயிரம் ரூபாய் எஸ்டிமேட்டோடு வெளியே வருகிறார். அதில் எவ்வளவு பல்லுக்கு, எவ்வளவு இலக்குக்கு என்பது அவருக்குத் தெரியாது. ஒற்றை டாக்டர் கிளினிக்கிலும் தவணை கட்ட வேண்டிய வாரத்தில் இந்தச் சபலம் வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

வெளிநாட்டிலும் இதே இழுபறிதான், வேறு வடிவத்தில். இங்கிலாந்தில் 2006-ல் வந்த அரசு ஒப்பந்தம் சிகிச்சையை அலகு அலகாக எண்ணிப் பணம் தருகிறது. கட்டுப்படியாகாமல் பல் மருத்துவர்கள் தனியார் பக்கம் நகர, அரசுச் சேவையில் டாக்டர் கிடைக்காமல் மக்கள் அலைகிறார்கள். அமெரிக்காவில் கொரோனாவுக்குப் பிறகு ஹைஜீனிஸ்ட் கிடைப்பதில்லை என்று புலம்பல். அங்கே ஆள் இல்லை, இங்கே ஆள் அதிகம். இரண்டு இடத்திலும் சிறிய சொந்த கிளினிக்தான் முதலில் தள்ளாடுகிறது.

பேரன் கேட்க வேண்டியது

செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் பேரனிடம் திரும்புவோம். 2,500 ரூபாய் விளம்பரத்தை டாக்டரிடம் காட்டுவது தப்பே இல்லை. ஆனால் கூடவே கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. அந்த ரேட்டில் கேப் சேர்த்தியா, எக்ஸ்ரே சேர்த்தியா? செய்யப்போவது யார், மறுநாள் வலித்தால் யாரைக் கூப்பிடுவது? எக்ஸ்ரேயைத் திருப்பிக் காட்டி 'இதோ, இங்கேதான்' என்று விரல் வைத்துச் சொல்வாரா? கருவி உறையை நோயாளி கண்ணெதிரில் பிரிப்பாரா? தொகையை எழுதித் தருவாரா? கேட்டால் கோபித்துக்கொள்கிற டாக்டர் மிகக் குறைவு. கேட்பதற்கு நாம்தான் தயங்குகிறோம். செல்போன் வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்கும் கேள்வியில் பாதிகூட வாயைத் திறந்து உட்கார்ந்த பிறகு வருவதில்லை. வாய் திறந்திருப்பதும் ஒரு காரணம்தான்.

பெரிய எஸ்டிமேட் என்றால் இன்னொரு டாக்டரிடம் படத்தைக் காட்டிக் கேட்கலாம். பல்வலிக்கு இரண்டு நாள் மாத்திரை வாங்கிக்கொண்டு யோசிக்க நேரம் உண்டு. முகம் வீங்கி, காய்ச்சல் வந்து, வாயைத் திறக்கவோ விழுங்கவோ முடியாமல் போனால் மட்டும் யோசிக்கவே கூடாது, உடனே போக வேண்டும்.

முந்நூறு ரூபாய் மலிவா என்ற கேள்வியும் இருக்கிறது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டுச் சும்மா விட்டால் பக்கத்துப் பல் அந்த இடைவெளியில் சாயும். எதிர்த்தாடைப் பல் இறங்கும். ஒரு பக்கமாக மென்று மென்று அந்தப் பக்கமும் தேயும். நாளைக்கு அங்கே பல் கட்டவோ இம்ப்ளான்ட் வைக்கவோ ரூட் கேனாலைவிட அதிகம் ஆகும். அதே சமயம் ஆடும் பல், வேரே கரைந்த பல் என்றால் பிடுங்குவதுதான் சரியான சிகிச்சை. அதற்கு எட்டாயிரம் கேட்பவர்தான் தப்பானவர்.

பாட்டியின் பல் ஆடவில்லை. டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டுகிறார். பாட்டிக்குக் கறுப்பு வெள்ளையில் ஒன்றும் புரியவில்லை. பேரனுக்கு லேசாகப் புரிகிறது.

"மொத்தமா இப்பவே தரணுமா தம்பி?"

"வேணாம் பாட்டி. இன்னைக்கு வலியைக் குறைச்சு விடறேன், ஐந்நூறு குடுங்க. மீதியை ஒவ்வொரு தடவை வரும்போதும் குடுங்க. கேப்பைப் பொங்கல் கழிச்சுக்கூடப் போட்டுக்கலாம். அதுவரைக்கும் அந்தப் பக்கமா முறுக்கு மட்டும் கடிக்காதீங்க."

"முறுக்குக்கே பல்லு இல்லாம போச்சுன்னுதானே வந்தேன்."

டாக்டர் சிரித்துக்கொண்டே ஊசியை எடுக்கிறார். போன வாரம் சேர்ந்த பெண் குழாயைத் தப்பான பக்கம் பிடிக்கிறார். டாக்டர் கையாலேயே திருப்பிக் காட்டுகிறார். வெளியே மாடிப்படியில், பையைத் தோளில் மாட்டிய ஓர் இளம் பெண் மூச்சு வாங்க ஏறி வருகிறார். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. பஸ் முக்கால் மணி நேரம் லேட்.